அரபு படிப்போம், பொருளும் அறிவோம்

எங்கள் அறிவொளி மையத்துக்கு ஒரு பெரியம்மா வந்தார். பெயர்ப் பட்டியலில் அவரை "எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று எழுதினேன்.

"எனக்கு ஓதத் தெரியும் டீச்சர். சின்ன வயசில் மதரசாவில் படிச்சேன். அரபு எழுத்தைக் கூட்டி வாசிப்பேன். அர்த்தம்தான் தெரியாது" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவருக்குத் தெரிந்த எழுத்து எனக்குத் தெரியாதே! நான் அவருக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தேன். அவர் எனக்கு அரபு எழுத்து சொல்லிக் கொடுத்தார்.

அரபியில் 28 எழுத்துகள் உண்டு. வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமாக எழுத வேண்டும். எழுத்துகள் கைகோத்து நிற்கும். ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் எடுக்கும்.

புள்ளியைக் கவனிக்க வேண்டும். தட்டு போல ஒரு வடிவம். அதன் கீழே ஒரு புள்ளி வைத்தால் "பா". மேலே இரண்டு புள்ளி வைத்தால் "தா". மேலே மூன்று வைத்தால் "ஸா". தமிழிலும் "க" மேல் புள்ளி வைத்தால் "க்" ஆகிறது அல்லவா? அதுபோலத்தான்.

குறில் ஓசைகளுக்குத் தனி எழுத்து இல்லை. மேலும் கீழும் சிறு கோடுகள் போடுவார்கள். குர்ஆனில் அந்தக் கோடுகள் இருக்கும். செய்தித்தாளிலும் அலுவலகத் தாளிலும் பெரும்பாலும் இருக்காது. சொல் தெரிந்தால்தான் சரியாக வாசிக்க முடியும்.

எண்களும் வேறு. நிமிர்ந்து நிற்கும் ஒரு குச்சிதான் 1. வெறும் புள்ளிதான் சுழியம். நம் சுழியம் போல வட்டமாக இருப்பது அங்கே 5! சம்பளத் தாளில் இதை மாற்றிப் படித்தால் என்ன ஆகும்? ஆனால் எண்களை நம்மைப் போல இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும்.

ஒரு நாள் பெரியம்மா ஒரு தாளோடு வந்தார். மகனுக்கு வந்த சவூதி விசாவின் நகல். டிரைவர் வேலை என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். முன்பணமும் வாங்கியிருந்தார்.

பெரியம்மா விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். சிறு கோடுகள் இல்லாததால் முதலில் தடுமாறினார். "மீம், ஹா, மீம், தால்... முஹம்மது! என் மகன் பேர்!" என்றார். முகம் மலர்ந்தது. பிறகு வேலை என்ற இடத்துக்கு வந்தார். "ஐன், அலிஃப், மீம், லாம். ஆமில்."

ஆமில் என்றால் என்ன? இருவருக்கும் தெரியவில்லை. அதைத் தமிழில் எழுதிக்கொண்டு போய் ஓர் அரபு ஆசிரியரிடம் கேட்டேன். "கூலித் தொழிலாளி. டிரைவர் என்றால் ஸாயிக் என்று இருக்கும்" என்றார்.

மகன் ஏஜெண்டைக் கேட்டார். சரியான பதில் இல்லை. அவர் அந்த விசாவில் போகவில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. ஆனாலும் பாலைவனத்தில் போய் ஏமாந்து நிற்கவில்லை.

சவூதி தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி உண்டு. வேலை ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் இருந்தால் அரபு வாசகமே செல்லும். அதைப் படிக்காமல் கைரேகை வைக்கலாமா?

அரபு நமக்குப் புதிய மொழி அல்ல. வக்கீல், வசூல், பாக்கி, ஆஜர், மகசூல், தாலுகா எல்லாம் அரபியிலிருந்து வந்த சொற்கள்தாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்கு அரபுத் தமிழ் என்று பெயர். கேரளத்தில் அரபு மலையாளம் இருந்தது. 1607ஆம் ஆண்டில் கோழிக்கோடு காஜி முகம்மது இயற்றிய "முஹ்யித்தீன் மாலை" அந்த வகை நூல்தான்.

பொருள் கற்பதும் மலைப்பானதல்ல. பல சொற்கள் மூன்று எழுத்து வேரிலிருந்து பிறக்கும். "க, த, ப" என்ற வேர் எழுதுவதைக் குறிக்கும். கிதாப் என்றால் புத்தகம். காதிப் என்றால் எழுத்தர். மக்தப் என்றால் அலுவலகம். ஒரு வேர் தெரிந்தால் பல சொற்கள் கைக்கு வரும்.

பெரியம்மா இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். வலப்பக்கம் அரபுச் சொல். இடப்பக்கம் அதன் பொருள், தமிழில். இரண்டும் அவர் கையெழுத்து. ஓதும்போது தெரிந்த சொல் வந்தால் நிறுத்திச் சிரிக்கிறார். "இத்தனை வருஷம் வாயால ஓதினேன் டீச்சர். இப்பத்தான் காதுல விழுது" என்கிறார்.

எழுத்துக் கூட்டுவது முதல் படி. பொருள் அறிவது அடுத்த படி. தமிழானாலும் அரபு ஆனாலும் இதுதான் வழி.

யோசித்துப் பாருங்கள்:

உங்கள் வீட்டில் அரபு எழுத்து தெரிந்தவர் யார்? அவரிடம் இன்று ஒரு சொல்லைக் கேளுங்கள். பொருளையும் கேட்டு எழுதுங்கள்.

வெளிநாடு போகிறவரின் தாளில் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று படித்துப் பார்த்தீர்களா?