பனி உருகிட்டா பனிச்சறுக்கு ரிசார்ட் என்ன பண்ணும்? விஸ்லர் மலையின் டபுள் டியூட்டி!

மே மாத நடுவில் கனடாவின் விஸ்லர் கிராமத்துக்குப் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். காபிக் கடை வரிசையில் ஒருத்தர் தோளில் பனிச்சறுக்குப் பலகையோடு, கனமான பிளாஸ்டிக் பூட்ஸில் 'டக் டக்'குனு நகர்ந்துட்டிருப்பார். அவருக்குப் பின்னாடி நிற்கிறவர் அரை டிரவுசர், முழங்கால் கவசம், முகத்தையே மூடுற ஹெல்மெட். பக்கத்தில் சேறு அப்பிய சைக்கிள். ஒருத்தருக்கு இன்னும் குளிர்காலம் முடியல, இன்னொருத்தருக்குக் கோடை ஆரம்பிச்சாச்சு. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். பிளாக்கோம் மலையின் மேல்பகுதியில் பனி மிச்சம் இருக்கு. அடிவாரத்தில் புல் முளைச்சிடுச்சு.

வான்கூவரிலிருந்து சுமார் 120 கி.மீ தூரத்தில் இருக்கிற விஸ்லர், வட அமெரிக்காவின் மிகப்பெரிய பனிச்சறுக்கு ரிசார்ட்டுகளில் ஒன்று. விஸ்லர், பிளாக்கோம்னு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலைகள். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் பனிச்சறுக்குப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. அதனால் விஸ்லர்னாலே நம்ம மனசுல வர்றது பனிதான். ஆனா, விஸ்லர் நகராட்சி சொல்ற கணக்கு வேற மாதிரி இருக்கு. வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் பேர் வர்றாங்க. அதில் பாதிக்கும் கொஞ்சம் மேலே கோடையில்தான் வர்றாங்களாம்!

இது தானா நடந்ததில்லை.

பனி போகும், செலவு போகாது

ஒரு பனிச்சறுக்கு ரிசார்ட்டின் பெரிய சொத்து எதுன்னு கேட்டா, பனின்னு சொல்லத் தோணும். பனி இலவசம், வானத்திலிருந்து விழுது. பணத்தை முழுங்குறது ரோப் கார்கள்தான். விஸ்லர், பிளாக்கோம் ரெண்டு மலைகளையும் இணைக்கிற 'பீக் டு பீக்' கொண்டோலாவை எடுத்துக்கோங்க. 2008 டிசம்பரில் திறந்தாங்க. 4.4 கி.மீ நீளம், ஒரு பயணம் 11 நிமிஷம். நடுவில் 3 கி.மீ தூரத்துக்குத் தாங்குறதுக்கு ஒரு தூண்கூட கிடையாது. கீழே எட்டிப்பார்த்தா 436 மீட்டர் பள்ளம். இதுக்கு ஆன செலவு 5 கோடி கனடா டாலருக்கும் மேல.

இவ்வளவு பெரிய இயந்திரத்தை நவம்பர் டு ஏப்ரல் மட்டும் ஓட்டிட்டு, மீதி மாசம் பூட்டி வெச்சா கட்டுப்படியாகுமா? முதலீடு பன்னிரண்டு மாசத்துக்கும், வருமானம் ஐந்து மாசத்துக்கும்னா எந்தக் கணக்குப்பிள்ளையும் தூங்க மாட்டார். அதனாலதான் உலகம் முழுக்கப் பெரிய ரிசார்ட்டுகள் ஒரே முடிவுக்கு வந்தன: மேலே ஏத்திவிட ரோப் கார் இருக்கு, கீழே இறக்கிவிடப் புவியீர்ப்பு இருக்கு. பனி இல்லாட்டி என்ன, வேற எதுல இறங்கலாம்?

விஸ்லரோட பதில், சைக்கிள்.

அதே மலை, அதே கலர் கோடு

விஸ்லர் மவுன்டன் பைக் பார்க் 1999-ல் முறைப்படி தொடங்கியது. பனிச்சறுக்கின் மொத்த ஃபார்முலாவையும் அப்படியே சைக்கிளுக்கு மாத்தினாங்க. பெடல் மிதிச்சு மலையேறுற கஷ்டமே வேண்டாம். சேர்லிஃப்ட்டில் சைக்கிளை மாட்டிட்டு, நீங்களும் உட்கார்ந்தா மேலே போயிடலாம். பாதைகளுக்கான குறியீடுகூட பனிச்சறுக்கில் இருக்கிறதுதான். பச்சை வட்டம் புதுசா வர்றவங்களுக்கு. நீலச் சதுரம் ஓரளவு பழகினவங்களுக்கு. கறுப்பு டைமண்ட் பார்த்தா, கையில் திறமை இருக்கான்னு ஒரு தடவை யோசிச்சுக்கணும். இரட்டைக் கறுப்பு டைமண்ட்னா வீட்டுக்கு ஒரு போன் பண்ணிட்டு இறங்குறது நல்லது.

சும்மா சொல்லல. 2009-ம் வருஷக் கோடை சீசனில் இந்த பார்க்கில் அடிபட்டு சிகிச்சைக்கு வந்தவர்களை டாக்டர்கள் ஓர் ஆய்வில் கணக்கெடுத்தாங்க. ஒரே சீசனில் 898 கேஸ்! பெரும்பாலும் இளைஞர்கள். எலும்பு முறிவுதான் அதிகம். இன்ஸ்டா ரீலில் பறக்கிற சைக்கிளைப் பார்க்கிறப்ப இந்த நம்பரும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஆனாலும் கூட்டம் குறையல. 'ஏ-லைன்' என்கிற பாதை உலகம் முழுக்க சைக்கிள்காரர்களுக்குக் கனவு. பாறையும் வேரும் நிறைந்த காட்டுப்பாதை இல்லை இது. பொக்லைன் வெச்சு மண்ணைக் குவிச்சு, வரிசையா மேடு மேடா செதுக்கியது. 2004-லிருந்து நடக்கிற 'கிராங்க்வொர்க்ஸ்' சைக்கிள் திருவிழா வந்தா கிராமமே அல்லோலகல்லோலப்படும்.

திரைக்குப் பின்னால் என்ன நடக்குது?

நாம வெளியிலிருந்து பார்க்கிறப்ப, பனி உருகுது, சைக்கிள் வருதுன்னு சிம்பிளா தெரியும். நிஜத்தில் இந்த மாற்றம் முழுக்க முழுக்க உடலுழைப்பு.

பனி தானா உருகட்டும்னு காத்திருந்தா சீசன் தள்ளிப் போயிடும். அதனால் பாதை பராமரிக்கிற குழு மண்வெட்டியோட இறங்கி, சைக்கிள் பாதையில் கிடக்கிற பனியை வெட்டி ஒதுக்கும். குளிர்காலத்தில் விழுந்த மரங்களை அறுக்கணும். உருகின தண்ணீர் பாதை வழியா ஓடி மண்ணை அரிச்சுடாம இருக்க, குறுக்கே சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டணும். சறுக்குச் சரிவுகளில் போட்ட பாதுகாப்பு வலைகள், தூண்களில் கட்டிய மெத்தைகள், வழிகாட்டிப் பலகைகள் எல்லாத்தையும் கழற்றி அடுக்கணும்.

இன்னொரு பக்கம் ரோப் கார் மெக்கானிக்குகள். குளிர்காலம் பூரா ஓடின இயந்திரத்தைப் பிரிச்சுப் பார்க்கிற நேரம் இதுதான். நாற்காலியைக் கம்பியோட கவ்விப் பிடிக்கிற பிடிகளைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கான்னு சோதிப்பாங்க. தூண்களில் கம்பி உருளுற சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாங்க. எஃகுக் கம்பிக்கு உள்ளே இழை அறுந்திருக்கான்னு கண்டுபிடிக்கக் காந்தப் பரிசோதனை இருக்கு. யாரும் செல்ஃபி எடுக்காத வேலை. ஆனா, நீங்க 436 மீட்டர் உயரத்துல நிம்மதியா போட்டோ எடுக்கிறதுக்குக் காரணம் இவங்கதான்.

சறுக்கவும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம்னு சொல்றவங்களுக்கும் ஏற்பாடு இருக்கு. மலை உச்சிக்குப் போற ரோட்டில் பனியை வெட்டி எடுக்கிறப்ப, ரெண்டு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டி பனிச்சுவர்கள் நிற்கும். டி-ஷர்ட் போட்டுக்கிட்டு நடுவில் நடந்து போகலாம். 2018-ல் உச்சியில் 130 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்கு பாலமும் கட்டிட்டாங்க. கோடைக் கூட்டத்தில் பெரும்பங்கு இந்த மாதிரி 'வந்தோம், பார்த்தோம், சாப்பிட்டோம்' ஆட்கள்தான்.

கோடைக்கு இன்னும் ரெண்டு விருந்தாளிகள் உண்டு. சரிவுகளில் பனி விலகினதும் முளைக்கிற இளம்புல்லை மேய கறுப்புக் கரடிகள் வரும். அடுத்தது மார்மட், அணில் குடும்பத்தைச் சேர்ந்த, பூனை சைஸ் பிராணி. ஆபத்துன்னா விசில் அடிக்கும். 'லண்டன் மவுன்டன்'னு இருந்த இந்த மலையின் பெயரை 1965-ல் 'விஸ்லர்'னு மாத்தினதே இதோட விசிலால்தான். வேடிக்கை என்னன்னா, பனிச்சறுக்கு ஊருக்கே பெயர் கொடுத்த இந்த மார்மட், குளிர்காலம் முழுக்கத் தூங்கிடும். ஒரு சறுக்கு வீரரைக்கூட பார்த்திருக்காது!

முதலில் வந்தது கோடைதான்

கோடை சுற்றுலா ஏதோ புது ஐடியா மாதிரி பேசுறாங்க. வரலாறு வேற. 1914-ல் ரயில் பாதை வந்த சமயம், ஆல்டா ஏரிக்கரையில் அலெக்ஸ் பிலிப், மர்டில் பிலிப் தம்பதி 'ரெயின்போ லாட்ஜ்' என்ற விடுதியைத் திறந்தாங்க. மக்கள் வந்தது கோடையில், மீன் பிடிக்க. பனிச்சறுக்கு மலை திறந்ததே 1966-ல்தான். அதாவது, அரை நூற்றாண்டு காலம் இது கோடை ஊர். நடுவில் வந்தது குளிர்காலம்!

ரெண்டு சீசனுக்கு நடுவில் மாட்டுறது யாரு?

2021 மக்கள்தொகைக் கணக்குப்படி விஸ்லரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் 13,982 பேர். 30 லட்சம் விருந்தாளிகளை இவங்க மட்டும் கவனிச்சுக்க முடியாது. ஆஸ்திரேலியா, பிரிட்டன்னு பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் விசா வாங்கிட்டு சீசன் வேலைக்கு வர்றாங்க. ரோப் கார் வாசலில் நிற்கிறது, ஹோட்டலில் பரிமாறுறது, அறை சுத்தம் பண்றது எல்லாம் அவங்கதான்.

ஏப்ரல் கடைசியில் குளிர்கால வேலை முடியும். கோடை வேலை சூடுபிடிக்க ஜூன் கடைசி ஆகிடும். அந்த இடைவெளியில் சம்பளம் இல்லை, வாடகை மட்டும் உண்டு. கம்பெனி கொடுத்த அறையில் தங்கியிருந்தா, வேலை போனதும் பொதுவா அறையும் போயிடும். வெளியில் வீடு தேடினா, கோடைக்கு வர்ற டூரிஸ்ட் ஒரு ராத்திரிக்குக் கொடுக்கிற காசோட போட்டி போடணும். உள்ளூர் வேலைக்காரங்க ஊருக்குள்ளேயே தங்கணும்னு 1997-லேயே விஸ்லரில் தனியா ஒரு வீட்டுவசதி அமைப்பு தொடங்கினாங்க. அப்படியும் வீட்டுத் தட்டுப்பாடு தீரல. இடைப்பட்ட வாரங்களில் உணவகங்கள் அறிவிக்கிற தள்ளுபடி நமக்கு 'ஆஃபர்'. அங்கே வேலை செய்றவங்களுக்கு அது ஷிஃப்ட் குறைஞ்சதோட அறிகுறி.

கோடை பலமானா இந்த இடைவெளி சுருங்கும். அதனால்தான் சைக்கிள் பார்க்கை வெறும் பொழுதுபோக்குன்னு நான் பார்க்கல. பன்னிரண்டு மாசமும் ஓர் ஊரில் வாழ முடியுமாங்கிற கேள்விக்கான பதிலில் அதுவும் ஒரு பகுதி.

கோடையும் கைவிட்டால்?

குளிர்காலம் நம்பகமா இல்லை. கோடை அதுக்கு இன்ஷூரன்ஸ் மாதிரி. இதுதான் இப்போ பல ரிசார்ட்டுகளின் கணக்கு. ஒரு காலத்தில் ஜூன், ஜூலையிலும் பிளாக்கோமின் ஹார்ஸ்ட்மன் பனிப்பாறையில் பனிச்சறுக்குப் பயிற்சி முகாம்கள் நடந்தன. அந்தப் பனிப்பாறை கரைஞ்சு இறங்கியதால், அங்கே இருந்த லிஃப்ட்டையே கழற்றிட்டாங்க.

ஆனா, கோடையும் முழு உத்தரவாதம் தரல. 2021 ஜூன் வெப்ப அலையில், அதே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் லிட்டன் கிராமத்தில் வெயில் 49.6 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கனடாவின் வரலாற்றிலேயே அதிகம். மறுநாளே அந்தக் கிராமத்தின் பெரும்பகுதி தீயில் எரிஞ்சது. காட்டுத்தீ காலத்தில் புகை பள்ளத்தாக்கை மூடிட்டா, காட்சி பார்க்க டிக்கெட் வாங்கி மேலே போனவருக்கு எதிர் மலைகூட தெரியாது. பனி இல்லாட்டி இயந்திரத்தால் ஓரளவு செயற்கைப் பனி தூவலாம். புகைக்கு எந்த இயந்திரமும் இல்லை.

அக்டோபரில் சைக்கிள் பார்க் மூடும். அதுக்கு முன்னாடியே சரிவுகளில் இன்னொரு வேலை நடந்துட்டிருக்கும்: கோடையில் வளர்ந்த புதர்களை வெட்டுறது. அழகுக்காக இல்லை. புதர் உயரமா இருந்தா அதை மூடவே நிறையப் பனி தேவை. தரையோடு வெட்டிட்டா, கொஞ்சம் பனி விழுந்தாலே சரிவைத் திறந்துடலாம். பனி குறையக் குறைய, இந்தப் புதர் வெட்டுற ஆளோட மதிப்பு கூடிக்கிட்டே போகுது.

மலையில் பனி அளக்கிற கோலுக்கு எதிரே ஒரு கேமராவும் வெச்சிருக்காங்க. நவம்பர் வந்தா, விஸ்லர் பிரியர்கள் காலையில எழுந்ததும் அந்தக் கோலில் எத்தனை சென்டிமீட்டர் பனி ஏறியிருக்குன்னுதான் முதலில் போனில் பார்ப்பாங்க.