மிஞ்சிய எண்ணெயை என்ன செய்யலாம்?



குமுளிப் பக்கமிருந்து சாரல் இறங்கினால் போதும், கம்பம் பள்ளத்தாக்கில் பஜ்ஜிக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வேறு வரும். நம் குழுப் பெண்கள் பலர் கடன் வாங்கி இந்தத் தொழிலைச் செய்கிறார்கள்.

சின்னமனூர் பக்கம் ஒரு குழுவுக்குப் போயிருந்தபோது ஒரு சகோதரி கேட்டார்: "மேடம், நேத்து எண்ணெய் அரைச்சட்டி மிஞ்சியிருக்கு. கொட்டுனா லாபம் போச்சு. என்ன செய்ய?" நியாயமான கேள்விதான்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது உடைந்து, உடம்புக்கு ஆகாத பொருட்கள் உண்டாகின்றன. இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. நம்மிடம் அளக்கும் கருவி இல்லை. ஆனால் கண்ணும் மூக்கும் இருக்கிறதே! எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரை கட்டி, சீக்கிரமே புகைந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது.

தென்கொரியாவிலும் மாவில் தோய்த்துச் செய்யும் பலகாரங்கள் உண்டு. நம் பஜ்ஜி போல எண்ணெயில் மூழ்கப் பொரிப்பது 'ட்விகிம்'. காய், மீன் துண்டுகளை மாவிலும் முட்டையிலும் தோய்த்து, தட்டைச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுடுவது 'ஜியோன்'. மழை வந்தால் வெங்காயத்தாள் போட்டு அடை போலச் சுட்டு, நடுவில் வைத்து எல்லோரும் பிய்த்துத் தின்பார்கள். இதில் சட்டி எண்ணெய் மிஞ்சும் பேச்சே இல்லை.

நாமும் செய்யலாமே! வாழைக்காயை மெல்லிசாகச் சீவி, பஜ்ஜி மாவில் தோய்த்து, தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, இரு பக்கமும் திருப்பிப் போட்டு எடுங்கள். முதலில் வீட்டில் செய்து பார்த்துவிட்டு, பிறகு கடையில் வையுங்கள்.

பொரிக்கும்போது கவனிக்க:

1. அன்றைக்கு வேண்டிய எண்ணெயை மட்டும் சின்னச் சட்டியில் ஊற்றுங்கள்.
2. மிதக்கும் மாவுத் தூளை உடனுக்குடன் அரித்தெடுங்கள். அது கருகித்தான் எண்ணெய் கறுக்கிறது.
3. எண்ணெய் புகையும் வரை காய விடாதீர்கள்.
4. சோடா உப்பைக் குறையுங்கள். கூடினால் பஜ்ஜி எண்ணெய் குடிக்கும்.
5. செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும். நம்ம ஊரில் வாழை இலைக்கா பஞ்சம்?
6. கெட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பயோடீசல் தயாரிக்க அதை வாங்குகிறார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சரி, லாபம்? 200 பஜ்ஜி போட்டு, 100 ரூபாய் எண்ணெயைக் கழிக்க வேண்டியிருந்தால் ஒரு பஜ்ஜிக்கு 50 காசுதான் ஆகிறது. கடலை மாவு, விறகு, கேஸ் போல இதையும் செலவுக் கணக்கில் எழுதி விலை வையுங்கள். நஷ்டம் வராது.

பள்ளிக்கூடம் விட்டு வரும் நம்ம பிள்ளைகள்தான் அந்தப் பஜ்ஜியைப் பங்கு போட்டுத் தின்கிறார்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோமா?