அப்பாவுக்கு மாரடைப்பு... பிள்ளைக்கும் வருமா? ‘ஆன்ரில்’ சொல்லும் சேதி!

“தாத்தாவுக்கு ஹார்ட் அட்டாக், அப்பாவுக்கும் ஹார்ட் அட்டாக். எனக்கும் அதுதான் தலையெழுத்து!” - இப்படிச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் வருபவர்களில் பலரின் வேண்டுதலும் ‘குடும்பத்துக்கு நோய்நொடி வரக் கூடாது’ என்பதாகத்தான் இருக்கும்.

பரம்பரையாக வரும் எழுத்து ஒன்று உடம்புக்குள் நிஜமாகவே இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட அதில், ஒரு சின்னப் பகுதியில் உள்ள எழுத்து மாற்றங்களுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதை விஞ்ஞானிகள் 2007-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால், எழுதியபடியேதான் நடக்கும் என்று இல்லை!

குப்பை அல்ல, மேஸ்திரி!

உடம்பைக் கட்டி இயக்கும் புரதங்களுக்கான குறிப்புகள் டி.என்.ஏ-வில் 2 சதவிகிதத்துக்கும் குறைவான இடத்தில்தான் இருக்கின்றன. மீதியைக் ‘குப்பை’ என்றே ஒருகாலத்தில் ஒதுக்கினார்கள். ஆனால், அந்த இடங்களிலிருந்தும் செல்கள் நகல் எடுக்கின்றன. அந்த நகலுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. அவற்றில் புரதம் எதையும் தயாரிக்காத, நீளமான ஆர்.என்.ஏ-க்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

கட்டட வேலையில் மேஸ்திரி செங்கல் சுமப்பதில்லை. யார் எப்போது வேலை பார்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிறார். இந்த நீள ஆர்.என்.ஏ-க்களில் பலவும் அப்படித்தான்... மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன, அடக்கியும் வைக்கின்றன.

அப்படி ஒரு மேஸ்திரிதான் ‘ஆன்ரில்’. 9-வது குரோமோசோமில் இருக்கிறது. அதன் பக்கத்து மரபணுக்கள், செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்பவை. இந்தப் பகுதியில் எழுத்து மாறியிருந்தால், ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள செல்களின் போக்கு மாறுகிறது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள், மாற்றம் உள்ளவர்களின் செல்களிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். செல்கள் பழையபடி ஒழுங்காக நடந்துகொண்டன. 2018-ல் இந்த ஆய்வு வெளியானது.

எவ்வளவு ஆபத்து?

2007 ஆய்வின்படி, ஐரோப்பிய வம்சாவளியினரில் 100-ல் 20 முதல் 25 பேருக்கு அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் இந்த மாற்றம் வந்திருந்தது. அவர்களுக்கு இதய நோய் ஆபத்து 30 முதல் 40 சதவிகிதம் அதிகம். கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால், சாதாரணமாக 100 பேரில் 10 பேருக்கு நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், இவர்களில் 13 அல்லது 14 பேருக்கு வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கும் இது பொருந்துமா? தென்னிந்தியர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. அதிலும் இந்தப் பகுதிக்கும் இதய ரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது.

தட்டில் இருக்கிறது மாற்று

கேரளாவில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்தது ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது; மற்றவர்களுக்கு கிட்டத்தட்ட 59-ல் என்று எச்சரித்தது அதுதான்.

அதே ஆய்வில் பங்கேற்ற 8,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆச்சர்யம் காத்திருந்தது. இவர்களில் தெற்காசியர்களும் உண்டு. பச்சைக் காய்கறிகள், பழங்கள் அதிகம் சாப்பிட்டவர்களிடம், அந்த எழுத்து மாற்றத்தின் பாதிப்பு பெரும்பாலும் காணாமல்போயிருந்தது. காய்கறி, பழம் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம்தான் ஆபத்து கூடியிருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதை அப்படியே உறுதிசெய்யவில்லை. ஆனாலும், காய்கறியும் பழமும் இதயத்துக்கு நல்லது என்பதில் மாற்றுக்கருத்து இல்லை.

கிரிவலம் மட்டும் போதுமா?

வாரத்துக்கு 150 நிமிடங்களாவது வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 14 கிலோமீட்டர் கிரிவலம் ஒரு வாரக் கணக்கைத் தாராளமாகத் தீர்த்துவிடும். மாதத்தின் மற்ற வாரங்களுக்கு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

பணம் கட்டி மரபணுப் பரிசோதனை செய்து ஆன்ரிலைத் தேட வேண்டுமா? முடிவு எதுவாக வந்தாலும் டாக்டர் சொல்லப்போவது ஒன்றுதான்: சிகரெட்டை நிறுத்துங்கள், பி.பி., சர்க்கரை, கொழுப்பைப் பரிசோதியுங்கள், தொப்பையைக் குறையுங்கள். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால், இந்தப் பரிசோதனைகளைச் சீக்கிரமே ஆரம்பிப்பது அவசியம். நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால், ‘வாயுப்பிடிப்பு’ என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்பாவிடமிருந்து வந்த எழுத்தை மாற்ற முடியாது. நாளைக்குத் தட்டில் சோற்றைக் குறைத்து, காயைக் கூட்ட முடியும்!