கூழ் ஆறுவதற்குள்

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னதும், இந்த வெயிலை எப்படிக் கடத்துவது என்றுதான் பலரும் கவலைப்படுகிறோம். அதே வெயிலுக்காகக் காத்திருந்து, விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டும் வீடுகளும் இருக்கின்றன. மொட்டை மாடியில் பழைய வேட்டி விரிந்துவிடும். பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் செங்கல். கீழே பெரிய வெண்கல உருளியில் கூழ் கொதித்துத் தெறித்துக்கொண்டிருக்கும். கூழ் வடாம் போடுகிற நாள் அது. அன்று யார் எத்தனை மணிக்கு எழ வேண்டும், எத்தனை கைகள் வேண்டும், பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று எல்லாவற்றையும் அரிசியின் மாவுச்சத்தும் காற்றின் ஈரமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

வடாத்துக்குப் பச்சரிசி, அதிலும் பழைய அரிசியாகப் பார்த்து எடுப்பார்கள். மாதக்கணக்கில் இருப்பில் கிடந்த அரிசி புது அரிசியைவிட அதிகமாகத் தண்ணீர் இழுக்கும், பிசுபிசுப்பும் குறைவு. அரிசியில் மாவுச்சத்து நுண்ணிய மணிகளாக இருக்கிறது. ஒரு மணியின் அகலம் 3 முதல் 8 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு மேல் வரிசையாக நிற்கும். பச்சைத் தண்ணீரில் இவை கரையாமல் அடியில் போய்ப் படியும். சூடு 65, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, மணிக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்ந்து தண்ணீருக்கு வழி விடுகின்றன. மணி பல மடங்கு வீங்கி, கடைசியில் உடைகிறது. மாவின் வெண்மை மங்கிக் கூழ் பளபளக்கத் தொடங்குவது அப்போதுதான். கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டால் ஒட்டக் கூடாது என்பது வீட்டுப் பதம். வேகாத கூழில் பிழிந்த வடாம் காய்ந்ததும் நொறுங்கும்; எண்ணெயில் போட்டாலும் பொரியாமல் கடினமாகவே கிடக்கும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விடுவதற்கும் காரணம் இருக்கிறது. கொதிக்கும் கூழில் அமிலம் சேர்ந்தால் மாவுச்சத்துச் சங்கிலிகள் அறுபட்டுக் கூழ் நீர்த்துவிடும்.

இங்கிருந்துதான் அவசரம் ஆரம்பிக்கிறது. மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு: நீளமாகக் கிளையில்லாமல் போகும் அமைலோஸ், மரம்போல் கிளைத்த அமைலோபெக்டின். கூழ் ஆற ஆற, பிரிந்து கிடந்த அமைலோஸ் சங்கிலிகள் மீண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகின்றன. கூழ் இறுகுகிறது. இறுகிய கூழை நாழியில் அடைத்துப் பிழிந்தால் கை வலிக்கும், இழை அறுந்து அறுந்து விழும். ஆகவே ஒருவர் அடுப்படியில் கிளற, ஒருவர் சூட்டோடு சூடாக மாடிக்குச் சுமக்க, இரண்டு பேர் பிழிய, ஒருவர் நாழியை நிரப்பித் தர வேண்டியிருக்கிறது. அத்தையும் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் அன்றைக்குக் கூடுவதில் பாசமும் இருக்கிறது, அமைலோஸும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பல வீட்டுச் சடங்குகளுக்கு அடியில் இப்படி ஒரு பொருளின் குணம் ஒளிந்திருக்கிறது. ஒரு ஆழாக்கு மாவைக் கிளறிப் பால்கனியில் தனியாகப் பிழிகிறவர்களுக்கும் இதே வேதியியல்தான். கூழ் குறைவாக இருப்பதால் ஆறுவதற்குள் ஒரே கை முடித்துவிடுகிறது.

இனி வெயிலின் முறை. ஒரு கிலோ மாவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஐந்து கிலோவுக்கு 12,000 கிலோஜூல். மின்சாரத்தில் சொன்னால் மூன்று யூனிட்டுக்கும் கொஞ்சம் அதிகம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. இரண்டு சதுர மீட்டர் வேட்டியில் விழும் வெயில் முழுவதும் கூழுக்கே போய்ச் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் வெள்ளை வேட்டியும் வெள்ளைக் கூழும் ஒளியில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றும் சூட்டை அள்ளிப் போகும். தவிர, வெளிப்பக்கம் காய்ந்த பிறகு உள்ளே இருக்கும் நீர் மெல்ல ஊர்ந்து மேலே வந்தாக வேண்டும். அதனால்தான் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் ஆகிறது. வடாத்தை மெல்லிசாகப் பிழியச் சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். தடிமனாக இருந்தால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும்.

வெயில் சூடு மட்டும் கொடுத்தால் போதாது. நீராவியை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடமும் வேண்டும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் அது 51 கிராம். காலையில் ஈரமாக இருந்த அதே காற்று நண்பகலில் வறண்ட காற்றாகி, வடாத்திலிருந்து நீரை இழுக்கிறது. பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் கணக்கு தலைகீழாகும். காய்ந்த மாவுச்சத்து காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப வாங்கும். மாலையில் வேட்டியைச் சுருட்டி உள்ளே எடுத்து வைக்கும் பழக்கம் பனிக்கு மட்டும் பயந்து வந்ததல்ல. சென்னையில் பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததுமே காய்கிற வேகம் மட்டுப்படும். சேலத்திலும் திருச்சியிலும் அந்தத் தொல்லை இல்லை.

முதல் நாள் மதியம் மூன்று மணி வடாத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காக்கை விரட்டக் கறுப்புக் குடையோடு உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்னும் வடாம் அது. மேலே மெல்லிய தோல், உள்ளே இன்னும் ஈரமான கூழ். தண்ணீர் குறைந்ததால் உப்பும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் நாக்கில் செறிவாக இறங்கும். அமைலோஸ் வலை அதற்குள் நன்றாகப் பின்னியிருப்பதால் பல்லுக்கு இழுபடும். எந்தக் கடையிலும் இதை வாங்க முடியாது. சில மணி நேரம் மட்டுமே இருக்கிற பண்டம். காவல் காக்கப் போனவர்களே பாதியைத் தீர்த்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் பாட்டிகள் அனுப்புகிறார்கள்.

இரண்டாம் நாள் வேட்டியைத் திருப்பி, பின்புறம் தண்ணீர் தெளிப்பார்கள். துணியோடு ஒட்டிய மிக மெல்லிய அடுக்கு மட்டும் இளக, வடாம் உடையாமல் உரிந்து வரும். மறுபடி தாம்பாளத்தில் போட்டுக் காய வைக்க வேண்டும்.

இதே வெயிலில் மோர் மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் எல்லாம் வற்றலாகின்றன. இவை கெடாமல் இருக்கும் விதத்தை அறிவியல் தெளிவாக அளக்கத் தொடங்கியது ஆஸ்திரேலிய ஆய்வாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் 1953இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு. உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமிகளுக்குக் கிடைக்கும்படி இருக்கிறது என்பதே முக்கியம் என்று அவர் காட்டினார். தூய நீருக்கு இந்த அளவு 1. பெரும்பாலான பாக்டீரியாக்களால் 0.9க்குக் கீழே வளர முடியாது. பெரும்பாலான பூஞ்சைகள் 0.8க்குக் கீழே திணறும், 0.6க்குக் கீழே எதுவும் பெருகாது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்த அளவு இறங்குகிறது. மோர் மிளகாயை இரவில் மோரில் ஊறப்போட்டுப் பகலில் காய வைக்கும்போது புளிப்பு, உப்பு, வெயில் என்று மூன்று காவல் சேர்கிறது.

பொரிப்பதற்கு வருவோம். வடாம் முற்றிலும் உலர்ந்தால் நல்லதென்று தோன்றும். ஆனால் பொரிய வைப்பதே மீதமிருக்கும் கொஞ்சத் தண்ணீர்தான். நன்றாகக் காய்ந்த வடாத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் தங்கியிருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்து விறைத்து, சட்டென்று ஒடியும். இயற்பியலில் இதைக் கண்ணாடி நிலை என்பார்கள். 180 டிகிரி எண்ணெயில் விழுந்ததும் அது இளகி ரப்பராகிறது. அதே நொடியில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, தன் பருமனைப்போல் 1,600 மடங்குக்கு மேல் விரிய முயல்கிறது. இளகிய மாவு குமிழ் குமிழாக உப்புகிறது. நீர் முழுவதும் வெளியேறியதும் உப்பிய வடிவத்திலேயே மறுபடி இறுகிவிடுகிறது. எண்ணெயில் சலசலப்பு அடங்கினால் எடுக்க வேண்டியதுதான். எண்ணெய் காயாமல் போட்டால் ஆவி மெதுவாகக் கசிந்து போய்விடும், வடாம் உப்பாது. ஜவ்வரிசி வடாம் இன்னும் லேசாகப் பொரிவதற்கு மரவள்ளி மாவில் அமைலோஸ் குறைவாக இருப்பது ஒரு காரணம். விரிவைத் தடுக்கும் வலை அதில் தளர்வானது. எடுத்த வடாத்தை உடனே வடிதட்டில் சாய்த்து வைப்பது நல்லது. ஆறும்போது உள்ளே ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைய, மேலே ஒட்டிய எண்ணெயை வடாம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஐப்பசி அடைமழையில்தான் இதன் அருமை தெரியும். காய்கறி வாங்கப் போக முடியாத நாளில் வற்றல் குழம்பும் பொரித்த வடாமும் போதும். வெளியே வைத்த பொரித்த வடாம் சில நிமிடங்களில் நமுத்துவிடும். ஈரக் காற்று அதன் கண்ணாடி நிலையைக் குலைக்கிறது. பொரிக்காததும் டப்பா மூடி சரியில்லையென்றால் ஈரம் வாங்கும். அப்படிப்பட்டதை ஒரு மணி நேரம் வெயில் காட்டி எடுத்தால் மறுபடி பொரியும். பூஞ்சை பூத்த வற்றலை மட்டும் காய வைத்துக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. சில பூஞ்சைகள் விடும் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு வெயிலிலோ எண்ணெய்ச் சூட்டிலோ முழுவதும் அழிவதில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் தட்டில் மோர் மிளகாய் ஒன்றோடு நிற்கட்டும், உப்பு அதில் மிக அதிகம். கூழில் உப்பு போடும்போதும் ஒரு கை குறைத்தே போடலாம்; ஐந்து லிட்டர் தண்ணீர் போன பிறகும் போட்ட உப்பு அத்தனையும் வடாத்திலேயே இருக்கும்.