பட்டினி போட்டால் எண்ணெய் தரும் பாசி

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது பட்ட சூடு அமெரிக்காவுக்கு எளிதில் ஆறவில்லை. 1978-ல் அந்நாட்டு எரிசக்தித் துறை, பாசியிலிருந்து வாகன எரிபொருள் எடுக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கியது. கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரில் தலைமை ஆய்வுக்கூடம். உவர்நீர்க் குட்டை, கடலோரக் கழி என்று அலைந்த ஆய்வாளர்கள் சேர்த்த பாசி வகைகள் 3,000-க்கும் மேல். எதில் எண்ணெய் அதிகம் என்று அறிய ‘நைல் ரெட்’ என்ற சாயம் கைகொடுத்தது. அதைக் கலந்து ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் பொன் மஞ்சளாக மின்னும். எண்ணெய், வளர்ச்சி, வெப்பம் தாங்கும் திறன் எல்லாம் பார்த்துச் சலித்ததில் தேறியவை சுமார் 300.

மக்காச்சோளத்தையும் சோயாவையும் எரிபொருளாக்கினால், சாப்பாட்டுக்கான நிலத்தில் வாகனமும் பங்கு கேட்கும். பாசிக்கு விளைநிலம் வேண்டாம். உப்புநீரும் வெயிலும் ஆலைப் புகையில் வரும் கரியமில வாயுவும் கொஞ்சம் உரச்சத்தும் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே அது விடாமல் பின்தொடரத் தக்கது.

சிக்கல் பாசியின் இயல்பிலேயே இருக்கிறது. தழைச்சத்தை நிறுத்திப் பட்டினி போட்டால், அது பஞ்சகாலத்துச் சேமிப்பாக எண்ணெயைத் திரட்டிவைக்கும். ஆனால் அதே பட்டினியில் செல்கள் பெருகுவது நின்றுவிடும். ஒவ்வொரு செல்லிலும் எண்ணெய் கூடும், குட்டையின் மொத்த விளைச்சல் கூடாது. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் முட்டி நின்ற சுவர் இதுதான்.

வெளியே இன்னொரு பாடம் காத்திருந்தது. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் தலா 1,000 சதுர மீட்டரில் இரண்டு குட்டைகள் அமைத்தார்கள். ஒன்றுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, மற்றது வெறும் மண் தரை. ஓடுகளம் போல நீள்வட்ட வாய்க்கால். துடுப்புச் சக்கரம் சுழன்று தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். செலுத்திய கரியமில வாயுவில் 90 சதவீதத்துக்கு மேல் பாசி எடுத்துக்கொண்டது, பெரிய வெற்றி. ஆனால் பாலைவன இரவின் குளிர் வளர்ச்சியைப் பிடித்து இழுத்தது. ஆய்வுக்கூடத்தில் சீராட்டி வளர்த்த வகைகள் திறந்தவெளியில் தாக்குப்பிடிக்கவில்லை. காற்றிலும் தூசியிலும் வந்துசேர்ந்த உள்ளூர்ப் பாசி குட்டையைப் பிடித்துக்கொண்டது.

அறுவடையும் லேசான வேலை இல்லை. திறந்த குட்டையின் 1,000 லிட்டர் தண்ணீரில் காய்ந்த எடைக்கு ஒரு கிலோ பாசி தேறினாலே அதிகம். அத்தனை நீரையும் பிரித்து, பாசியைக் காயவைத்து, எண்ணெய் எடுப்பதற்குள் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி கரைந்துவிடும். இந்தத் திட்டம் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம், காயவைக்காமலே ஈரப் பாசியைச் சுமார் 350 டிகிரி வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் ஒரு மணி நேரத்துக்குள் கச்சா எண்ணெயாக்கிக் காட்டியது.

எரிசக்தித் துறையின் திட்டத்தையோ 1996-லேயே மூடிவிட்டார்கள். 18 ஆண்டுகளில் மொத்தச் செலவு 2.5 கோடி டாலர்தான். கச்சா எண்ணெய் மலிந்து கிடந்த காலம். பாசி டீசலுக்கோ சாதாரண டீசலைப் போல இரண்டு மடங்கு விலை ஆகும் என்று கணக்கு வந்தது. மூடியதைக்கூட மன்னிக்கலாம். சலித்தெடுத்த வகைகள் ஹவாய் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கே பராமரிப்புப் பணமும் 2004-ல் நின்றது. அந்தச் சேகரிப்பில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டதாக 2010-ல் எரிசக்தித் துறையே எழுதியது. உயிருள்ள பாசியைப் புதுப்புது ஊட்டநீருக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். அதற்கு ஆகும் செலவு அற்பம். சந்தை விலையைப் பார்த்துப் பொதுச்சொத்தை இப்படிச் சாகவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

2009-ல் எக்ஸான்மொபில் களமிறங்கியது. மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜினோமிக்ஸோடு சேர்ந்து 60 கோடி டாலர் வரை செலவிடப்போவதாக அறிவித்தது. 2017-ல் பழைய சுவரில் விரிசல் விழுந்தது. நானோகுளோராப்சிஸ் என்ற பாசியின் மரபணு ஒன்றைத் திருத்தியதில், வளர்ச்சி பெரிதாகக் குறையாமலே எண்ணெய் 20 சதவீதத்திலிருந்து 40-க்கு மேல் ஏறியது. ஆனாலும் 2023 தொடக்கத்தில் எக்ஸான் விலகிக்கொண்டது.

அதே ஆண்டு மார்ச்சில், விரிடோஸ் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கூட்டாளி நிறுவனத்துக்கு வேறு முதலீட்டாளர்கள் 2.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அவர்களில் யுனைடெட் ஏர்லைன்ஸும் உண்டு. கார் மின்கலத்தில் ஓடிவிடும். கடல் தாண்டும் விமானத்துக்கு இன்றும் திரவ எரிபொருள்தான் கதி. 2011 நவம்பரில் ஹூஸ்டனிலிருந்து சிகாகோவுக்கு, 40 சதவீதம் பாசி எரிபொருள் கலந்து, பயணிகளோடு பறந்ததும் யுனைடெட் குழுமத்தின் விமானமே. அந்தப் பாசி இருட்டுத் தொட்டியில் சர்க்கரை தின்று வளர்ந்தது. வெயிலையும் உப்புநீரையும் கொண்டு அதே எண்ணெயைக் கட்டுப்படியாகும் விலைக்கு எடுப்பதுதான் இன்னும் பாக்கி.