பேகனிடம் சென்ற புலவர்கள்

வையாவிக் கோப்பெரும்பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்த காலை, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அவனை இரந்து பாடினர். பொன்னும் பொருளும் வேண்டார். அவள் துயர் களைதலே அவர் கேட்ட பரிசில். புறநானூற்றின் 143 முதல் 147 வரையான அப்பாக்களை ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றேன்.

கணவனைப் பிரிந்த என் பழைய மாணாக்கி ஒருத்தியின் வீட்டிற்குச் சென்ற மாதம் சந்து செய்விக்கப் போனேன். பேச்சு சீதனக் காணியில் முட்டியது. தேசவழமைப்படி காணி அவளுடையதே. ஆயினும் அதனை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்ததன்றோ! உறுதி, கிணற்றுப் பங்கு என்று இரு வீட்டாரும் வாதிட்டனர். பண்டிதனாகிய நானும் வாதிட்டேன். தேநீர் வைத்துச் சென்றவளை ஒருவரும் வினவவில்லை.

பரணரோ, அழுதுநின்றவளை முதலில் வினவியவர். பேகன் மீண்டானா என்பதை அப்பாக்கள் கூறவில்லை. நாளை மறுபடியும் போகின்றேன்.