புதுத் துப்பாக்கியும் புதுத் தோசைக்கல்லும்... முதல் நாளே ஏன் துடைக்க வேண்டும்?

கடையிலிருந்து புது இரும்புத் தோசைக்கல் வாங்கி வந்தால், அதை அப்படியே அடுப்பில் வைத்து யாராவது மாவு ஊற்றுவார்களா? மாட்டார்கள். கல்லின் மேல் பிசுபிசுவென்று ஓர் எண்ணெய் பூசியிருக்கும். அது தோசை சுடுவதற்கான எண்ணெய் அல்ல. கடையில் கிடக்கும் நாள்களில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது. அதைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய் தடவிப் பழக்கிய பிறகுதான் முதல் தோசை.

புதுக் கைத்துப்பாக்கியின் கதையும் இதேதான். ஒரே ஒரு வித்தியாசம்: கல்லைப் பழக்காவிட்டால் தோசை ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கியில் கவனம் தவறினால் உயிரே போகலாம்.

‘நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?’ என்று தோன்றலாம். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் அதைத் தொடவே முடியாது. ஆனால், நம் பிள்ளைகள் பலர் வாழும் அமெரிக்காவில் நிலைமை வேறு. 2017-ம் ஆண்டு நிலவரப்படி அங்கே 100 பேருக்குச் சுமார் 120 துப்பாக்கிகள் இருப்பதாக ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ என்ற ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம்! அப்படிப்பட்ட ஊரில், புதிதாக வாங்கியதை முதல் நாள் எப்படிக் கையாள வேண்டும் என்பது வீட்டுப் பாதுகாப்பு சார்ந்த விஷயம்.

பெட்டிக்குள் வருவது என்ன?

தொழிற்சாலையிலிருந்து கிளம்பும் துப்பாக்கி, கிடங்கு, லாரி, கடை அலமாரி என்று பல மாதங்கள் சுற்றிவிட்டுத்தான் ஒருவர் கைக்கு வருகிறது. அதுவரை துரு அண்டாமல் இருக்க ஒரு பாதுகாப்பு எண்ணெய் பூசுவார்கள். நாளாக ஆக இது கெட்டியாகும். தூசியும் ஒட்டும். இயந்திரத்தில் கடைந்தபோது மிஞ்சிய பொடிப்பொடியான உலோகத் துகள்களும் சில நேரம் உள்ளே இருக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ‘புதுசு’ என்று நாம் வாங்கும் துப்பாக்கி, பெரும்பாலும் ஏற்கெனவே சுடப்பட்டதுதான்! சரியாக வேலை செய்கிறதா என்று தொழிற்சாலையிலேயே சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்தக் கரி, குழலுக்குள் இருக்கும். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாகாணத்தில், 2000-ம் ஆண்டு வந்த சட்டப்படி, அப்படிச் சோதனையில் சுட்ட தோட்டாவின் காலி உறையையும் புதுத் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. குற்றவாளிகளைப் பிடிக்க உதவும் என்று போலீஸார் அவற்றைச் சேமித்தார்கள். பெரிய பலன் இல்லாததால் 2015-ல் அந்தச் சட்டமே கைவிடப்பட்டது.

ஆக, பெட்டியைத் திறந்ததும் நேராகச் சுடும் தளத்துக்கு ஓடக் கூடாது. முதலில் கூடவே வரும் கையேட்டைப் படிக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. உதாரணத்துக்கு, ஆஸ்திரியாவின் ‘க்ளாக்’ பிஸ்டல். திரைச்சீலைக் கம்பி தயாரித்துக்கொண்டிருந்த காஸ்டன் க்ளாக் வடிவமைத்து, 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது இது. புது க்ளாக்கின் மேல்பாகத்தில் உள்பக்கமாகச் செம்பு நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். பார்த்தால் அழுக்கு போலவே இருக்கும். ஆனால், ‘அதைத் துடைக்காதீர்கள், நீண்ட நாள் வழுக்கலுக்கு அது உதவும்’ என்கிறது கையேடு. முதல் தடவை சுடுவதற்கு முன் மற்ற பாகங்களைச் சுத்தம் செய்து எண்ணெய் விடச் சொல்வதும் அதே கையேடுதான்.

முதல் வேலை துடைப்பது அல்ல!

‘துப்பாக்கியைத் துடைக்கும்போது தவறுதலாக வெடித்தது...’ இந்தச் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். காலியான துப்பாக்கி எப்படி வெடிக்கும்? வெடிக்காது. காலி என்று நினைத்த துப்பாக்கிதான் வெடிக்கும்.

இதைப் புரிந்துகொள்ள பிஸ்டலின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். தோட்டாக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும் சின்னப் பெட்டிதான் மேகசின். அது கைப்பிடிக்குள் இருக்கும். அதிலிருந்து ஒரு தோட்டா மேலே ஏறி, குழலின் பின்முனையில் இருக்கும் ‘சேம்பர்’ என்ற அறையில் உட்காரும். மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். சேம்பரில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அந்த ஒற்றைத் தோட்டா அப்படியே இருக்கும்!

அதனால் வரிசை முக்கியம்.

* தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். சுத்தம் செய்யும் மேஜையில் ஒன்றுகூட வேண்டாம்.
* விசையில் விரல் படாமல், ஆள் இல்லாத, குண்டு பாய்ந்தாலும் ஆபத்து வராத திசையில் குழலைக் காட்டிப் பிடிக்க வேண்டும்.
* முதலில் மேகசினை வெளியே எடுக்க வேண்டும்.
* அதன் பிறகுதான் ஸ்லைடு எனும் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும்.
* சேம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டும். விரல் நுனியால் தொட்டும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? ஸ்லைடை இழுத்ததும் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். ‘அப்பாடா’ என்று விடும்போது, மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா அந்த இடத்தில் ஏறிவிடும். பிறகு மேகசினை எடுத்தாலும், துப்பாக்கி காலியாக இருக்காது.

க்ளாக் போன்ற சில பிஸ்டல்களைப் பிரிப்பதற்கு முன் விசையை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். சேம்பரில் தோட்டா இருப்பது தெரியாமல் அழுத்தினால்... அதுதான் நாம் படிக்கும் செய்தி. விசையை அழுத்தாமலே பிரிக்கும்படி சில மாடல்கள் பின்னாளில் வந்தன. ஆனால், இயந்திரத்தை நம்பிச் சரிபார்க்காமல் விடக் கூடாது. அமெரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற கர்னல் ஜெஃப் கூப்பர் வகுத்த 4 விதிகளில் முதலாவது, எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருப்பதாகவே கருத வேண்டும் என்பது. இன்று பெட்டி பிரித்த புதுத் துப்பாக்கிக்கும் அது பொருந்தும்.

துடைக்கும் முறை

காலி என்று உறுதியான பிறகு, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் பிரிக்க வேண்டும். பிஸ்டல் என்றால் பெரும்பாலும் ஸ்லைடு, ஸ்பிரிங், குழல், கைப்பிடிச் சட்டம் என நான்கு பாகம். அதற்கு மேல் திருகைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம். அது மெக்கானிக் வேலை.

துப்பாக்கிக்கென்றே விற்கும் சுத்தம் செய்யும் திரவத்தில் சின்னத் துணியை நனைத்து, குழலுக்குள் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் செலுத்த வேண்டும். முதல் துணி கறுப்பாகவோ பழுப்பாகவோ வரும். சில நிமிடங்கள் ஊறவிட்டு பிரஷ் போட்டு, துணி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டும். கடைசியாக உலர்ந்த துணி. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘புல்-த்ரூ’ கயிறு ஞாபகம் வரும். அதே வேலைதான்.

ரிவால்வர் என்றால், சுழலும் உருளையில் இருக்கும் எல்லா அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் துடைக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: சினிமா ஹீரோ, மணிக்கட்டைச் சுண்டி ‘டக்’கென்று உருளையை மூடுவாரே, அதைச் செய்யவே கூடாது. உருளையைத் தாங்கும் பாகம் வளைந்துவிடும். இன்னொரு கையால் மெதுவாக மூட வேண்டும்.

ஒரு சொட்டு போதும்

அடுத்து எண்ணெய். இங்குதான் ஆசை அதிகமாகிவிடும். உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு சொட்டு. ஸ்லைடு ஓடும் தடம், குழலின் வெளிப்பக்கம், விசையோடு சேர்ந்த இணைப்பு என்று கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். விட்ட எண்ணெயை விரலால் பரப்பி, வழிவதைத் துடைத்துவிட வேண்டும்.

மேகசினுக்குள், சேம்பருக்குள், தோட்டாவைத் தட்டும் ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் தோட்டாவின் அடியில் இருக்கும் மருந்துக்குள் கசிந்தால் அது வெடிக்காமல் போகலாம். ஊசித் துளையில் தேங்கினால், கரியைச் சேர்த்துக்கொண்டு சேறாகிவிடும்.

வீட்டில் இருக்கும் எண்ணெயை விடலாமா? தையல் மெஷினில் தேங்காய் எண்ணெய் விட்டவர்களுக்குப் பதில் தெரியும். சில நாளில் பிசின் போல ஒட்டி, சக்கரம் சுற்றாது. குளிர்நாட்டில் அது இன்னும் மோசம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பித்துவிடும்!

துடைக்காததன் விலை

துடைக்காவிட்டால்தான் என்ன? வியட்நாம் போர் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே கைத்துப்பாக்கி அல்ல, எம்-16 ரைஃபிள். 1960-களின் நடுவில் அமெரிக்க வீரர்களுக்குப் புத்தம் புதிதாக இது கொடுக்கப்பட்டது. ‘இதை அதிகம் துடைக்கத் தேவையில்லை’ என்ற பேச்சு பரவியது. போதுமான பிரஷ்களும் எண்ணெயும்கூட வழங்கவில்லை. தோட்டாவில் மருந்தின் வகையையும் மாற்றியிருந்தார்கள். வியட்நாமின் ஈரக்காற்றில் சேம்பர் துருப்பிடித்தது. சுட்ட உறை உள்ளேயே சிக்கிக்கொண்டது. சண்டையின் நடுவில் கம்பியை விட்டுக் குத்தி உறையை வெளியே தள்ளிய வீரர்களில் பலர் உயிரிழந்தார்கள்.

1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. சேம்பருக்குக் குரோம் முலாம் பூசினார்கள், எண்ணெயும் பிரஷும் கொடுத்தார்கள். கூடவே ஒரு காமிக்ஸ் புத்தகமும் கொடுத்தார்கள்! ‘தி ஸ்பிரிட்’ காமிக்ஸால் புகழ்பெற்ற ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்தது. எங்கே துடைப்பது, எங்கே எண்ணெய் விடுவது என்று ஒரு கார்ட்டூன் பெண் வகுப்பெடுப்பாள். தடித்த கையேட்டைப் புரட்டாத இளம் வீரர்கள் அதைப் படித்தார்கள்.

சாப்பாட்டு மேஜையில் வேண்டாம்!

குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய இடம் இது. தோட்டாவின் குண்டிலும் அதன் அடியில் இருக்கும் மருந்திலும் பெரும்பாலும் ஈயம் இருக்கிறது. தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த கரியிலும் அது இருக்கலாம். குழந்தைகளின் ரத்தத்தில் ‘இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை’ என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறார்கள் மருத்துவர்கள். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் உலோகம் அது.

எனவே, சமையலறையும் சாப்பாட்டு மேஜையும் இந்த வேலைக்கு ஆகாது. காற்றோட்டமான தனி இடம், கையுறை, கீழே விரித்த பழைய பேப்பர் வேண்டும். அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது; அந்தத் திரவம் தீப்பற்றும். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். துடைத்த துணியைச் சமையலறைக் கரித்துணியோடு சேர்க்கக் கூடாது.

எல்லாம் பூட்டிய பிறகு, தோட்டா இல்லாமல் ஸ்லைடும் விசையும் சரியாக இயங்குகின்றனவா என்று கையேடு சொல்கிறபடி சரிபார்க்க வேண்டும். பிறகு துப்பாக்கி ஒரு பூட்டுக்குள். தோட்டா வேறொரு பூட்டுக்குள்.

நம் ஊரில்...

நம் நாட்டில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கியே துப்பாக்கி வைத்திருக்க முடியும். 2019-ல் வந்த திருத்தத்தின்படி, ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம், முன்பு 3. கல்யாணம், திருவிழாவில் கொண்டாட்டமாகச் சுட்டு மற்றவர்களுக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கே இருந்துவிட்டுத் திரும்பும் துப்பாக்கியையும் புதுத் துப்பாக்கியாகவே நினைக்க வேண்டும். காலியா என்று பார்த்து, துரு இருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, எண்ணெய் விட்டு எடுத்து வைக்க வேண்டும்.

துப்பாக்கியே இல்லாத குடும்பத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பேரன், நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகிறானா? ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?’ என்று அந்த வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அலர்ஜி இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்று விசாரிப்பது போலத்தான் இதுவும். கேட்கக் கூச்சமாக இருக்கலாம். அடுத்த முறை மகனிடமோ மகளிடமோ வீடியோ காலில் பேசும்போது, ‘கேட்டுட்டு அனுப்பு கண்ணு’ என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.